எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? பயனுக்கேற்ற விறகைத் தெரிவுசெய்தல்

"எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?" என்பது எல்லாமே மோசம் என்று சலித்துக்கொள்ளும்போது சொல்லும் பழமொழி. விறகு வாங்க நிற்பவருக்கோ அது சலிப்பு அன்று, நேரடியாக விடை தேட வேண்டிய கேள்வி. நீரைக் கொதிக்கவைக்க ஒரு கொள்ளி, தணலில் சுட ஒரு கொள்ளி, விடியும்வரை அறையைச் சூடாக வைத்திருக்க ஒரு கொள்ளி என்று வேலைக்கு வேலை விடை மாறுகிறது. ஒன்றில் முதலிடம் பெறும் மரம் மற்றொன்றில் தொல்லையாகவே முடிவதும் உண்டு. பெரும்பாலோர் "எந்த மரம் நல்ல விறகு?" என்பதையே முதலில் கேட்கிறார்கள். என் கணக்கில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. எனக்கு வேண்டியது சுடரா, தணலா, புகையா என்பது முதல் கேள்வி. கட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு மரத்தின் பெயருக்கு வந்தால், பல வேளைகளில் பெயரைப் பற்றிய கவலையே தேவைப்படாது.

எடைக்கு எடை வைத்தால்

சொட்டு ஈரமில்லாமல் உலர்த்திய மரம் எதுவாயினும், ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 4,500 முதல் 5,000 கிலோ கலோரி வரைதான். கையில் எடுத்தால் கனமே தெரியாத இலவங்கட்டையும், கோடாலி திரும்பிவிடும் அளவுக்கு வைரம் பாய்ந்த புளியங்கட்டையும் இந்த வரம்பை ஒட்டியே நிற்கின்றன. எந்த மரமானாலும் அது நாராக அமைந்த செல்லுலோசும் அந்த நாரைப் பிணைக்கும் லிக்னினும் சேர்ந்த ஏறக்குறைய ஒரே சரக்கு என்பதே காரணம். பிசின் மிகுந்த பைன் மரம் எடைக்கு எடை பார்த்தால் ஓக் மரத்தைவிடச் சற்றுக் கூடுதல் வெப்பம் தருகிறது என்பதைச் சொன்னால், பைனை மட்டமான விறகு என்று ஒதுக்குபவர்கள் நம்ப மறுப்பார்கள்.

வேறுபாடு இருப்பது அடர்த்தியில். ஒரு கன மீட்டர் காய்ந்த இலவமரம் 300 கிலோவை ஒட்டி இருக்கும். குளிர்நாட்டு மரங்களான ஸ்புரூஸ் 450, பைன் 500, பிர்ச் 650, ஓக்கும் பீச்சும் 700 என்று ஏறிக்கொண்டே போய், சவுக்கு, புளி, கருவேலம் போன்றவை 800 கிலோவை ஒட்டியோ அதைத் தாண்டியோ நிற்கும். அடுப்பின் வாய் ஒரே அளவுதான் என்னும்போது, இலவங்கட்டையால் அதை நிரப்புபவர் சவுக்குக் கட்டையால் நிரப்புபவர் பெறும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பெறுவார். எழுந்து எழுந்து விறகு தள்ளும் வேலை மும்மடங்காகும். "நின்று எரியும் விறகு" என்று புகழப்படுவது பெரும்பாலும் இந்த அடர்த்தியைத்தான்.

எரிதல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்த்தால் மற்றவை எளிதாகப் புரியும். மரம் சூடேறும்போது அதன் உலர் எடையில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டது வாயுவாக வெளியேறுகிறது. நாம் சுடர் என்று காண்பது அந்த வாயு எரிவதைத்தான். மீதி கரியாகி, சுடரின்றிச் சிவந்து கனன்று தணலாகிறது. இலேசான மரத்தில் சூடு விரைவாக உள்ளே இறங்கும், வாயு ஒரே மூச்சில் வெளிவரும், சுடர் உயர்ந்து ஆடும், தணல் வந்த சுவடு தெரியாமல் சாம்பலாகிவிடும். அடர்ந்த மரத்தில் அதே வேலை நிதானமாக நடந்து, கனத்த கங்குகள் மிஞ்சும்.

ஆனால் மரத்தின் இந்த இயல்பைக் கோடாலியால் பாதி மாற்றிவிடலாம். கருவேலங்கட்டையை விரல் கனத்துக்குச் சிராய்களாகப் பிளந்தால் அது பைன்போலப் படபடவென்று எரியும். தொடை கனத்துக்கு விட்ட பைன் கட்டை கணிசமான நேரம் தாக்குப்பிடிக்கும். பருமனே நம் கையில் உள்ள கருவி என்பதால், ஒரே வகை மரம் மட்டும் கிடைக்கும் இடத்திலும் எல்லா வேலையையும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம்.

ஈரம்

விறகைப் பொறுத்தவரை மரத்தின் வகைக்கும் உலர்ச்சிக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம் என்றால், தயங்காமல் உலர்ச்சியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். காய்ந்த மட்ட மரம் ஈரமான உயர்ந்த மரத்தை எந்த அடுப்பிலும் வெல்லும்.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். வெளியில் அடுக்கி நன்றாகக் காயவிட்டால் அது 15 முதல் 20 சதவீதம்வரை இறங்கும். பாதி நீருள்ள ஒரு கிலோ பச்சை விறகில் உண்மையான மரம் அரைக்கிலோதான். அது தரக்கூடியது சுமார் 2,300 கிலோ கலோரி. உள்ளிருக்கும் அரைக்கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க அதில் 300 செலவாகி, 2,000 மிஞ்சும். 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோவுக்கு இதே கணக்கைப் போட்டால் 3,500-க்கும் சற்றுக் கூடுதலாக வருகிறது. இது காகிதக் கணக்கு. அடுப்பில் நடப்பது இதைவிட மோசம். நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும்வரை கட்டையின் அந்தப் பகுதி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறாது. வெளிவரும் வாயு முழுவதும் எரிய வேண்டுமானால் அடுப்புக்குள் 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் எட்டாதபோது எரிய வேண்டிய வாயு எரியாமலே புகையாக மேலே போகிறது. அதாவது, நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பகுதி கண்ணைக் கரிக்கவைத்துவிட்டு வெளியேறுகிறது.

அந்தப் புகை சும்மாவும் போவதில்லை. புகைபோக்கியின் குளிர்ந்த உட்சுவரில் கீல்போன்ற கரும்பசையாகப் படிந்து இறுகுகிறது. பின்னொரு நாள் அடுப்பு கடுமையாக எரியும்போது புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிப்பதற்கு அதுவே காரணமாகிறது. பைன்போன்ற பிசின் மரங்கள்தான் இந்தப் படிவை உண்டாக்குகின்றன என்று நெடுங்காலமாகப் பழி சொல்லப்பட்டு வருகிறது. உண்மையில் ஈர ஓக் மரத்தை மந்தமாகப் புகையவிடுவது, காய்ந்த பைனைத் தாராளக் காற்றோட்டத்தோடு எரிப்பதைவிடப் பல மடங்கு மோசமான படிவை விட்டுச்செல்லும்.

கட்டை காய்ந்ததா என்பதை அடையாளம் காணப் பல வழிகள் உண்டு. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும், இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் "டங்" என்று ஒலிக்கும். பச்சைக் கட்டை "தொப்" என்று அடங்கிப்போகும். ஆனால் இவை யாவும் ஏமாற்றக்கூடியவை. வெடிப்பு விட்ட, பார்வைக்கு நரைத்துப்போன கட்டைகளைக் காய்ந்தவை என்று நம்பி வாங்கி, அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் வெளிமுனையில் நுரை கட்டிச் சீறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. மேல்தோல் காய்ந்திருந்ததே தவிர, நடுவில் நீர் அப்படியே இருந்தது. ஆகவே ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. காய்ந்த மரம் கன்னத்துக்குச் சூடும் சில்லிப்பும் இல்லாமல் இருக்கும். ஈரமுள்ள மரம் சிலீரென்று உறைக்கும்.

ஈரமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கருவியின் ஊசிகளை வெளிப்புறத்தில் குத்திப் பயனில்லை. பிளந்த உள்முகத்தில் குத்த வேண்டும். தவிர, இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை நீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சதவீதம் காட்டுகின்றன; விறகுக் கணக்கிலோ மொத்த எடையோடு ஒப்பிடுவதே வழக்கம். கருவி 25 என்று காட்டினால் மொத்த எடைக் கணக்கில் அது 20. கருவி இல்லாதவர்களுக்குத் தராசு போதும். பாதி நீருள்ள ஒரு பிளவு பச்சையாக 2,000 கிராம் இருந்தால், 20 சதவீத ஈரத்துக்கு வரும்போது 1,250 கிராமாக இறங்கியிருக்கும். ஒன்றிரண்டு பிளவுகளில் அடையாளமிட்டு அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபோது அந்த அடுக்கு அந்த இடத்தில் எவ்வளவு காயுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நீர் மரத்தின் நீளவாக்கில், வெட்டுமுகங்களின் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பட்டையின் வழியாக மிகக் குறைவாகவே போகும். எனவே நீளக் கட்டையாகவே கிடத்திவிட்டு "ஓராண்டு காய்ந்தது" என்று சொல்வதில் பொருளில்லை. அடுப்பின் அளவுக்குத் துண்டாக்கி, பிளந்து, தரையில் படாமல் தாங்கு கட்டைகளின்மேல் காற்று புகும்படி அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூட வேண்டும். நான்கு பக்கமும் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டுபவர் விறகைப் புழுங்கவைக்கிறார். வெயிலும் காற்றும் தாராளமாக உள்ள இடத்தில் பிளந்த விறகு சில மாதங்களில் தயாராகிவிடும். குளிர்ந்த, ஈரம் மிகுந்த இடங்களில் ஓக் போன்ற மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்படும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சவுக்கு பச்சையாகவே பற்றிக்கொள்ளும் என்று பெயர் பெற்றது. குளிர்நாட்டு ஆஷ் மரத்திலும் வெட்டும்போதே ஈரம் குறைவு என்பதால் அவசரத்துக்கு உதவும். அவையும் காய்ந்த பின் எரிந்தால் இன்னும் நன்றாகவே எரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மறுபுறம், ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே போன மெல்லிய மரத்துண்டுகளை மூடிய அடுப்பில் நிறையத் திணித்தால் வாயு ஒரேயடியாக வெளியேறி, எரியக் காற்றுப் போதாமல் கரும்புகை விடும். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளில் இதைக் காணலாம்.

சமையலுக்கு

சமையலில் ஒரே விறகு என்பதே தவறான தொடக்கம். விரைவாகக் கொதிக்கவைப்பதற்குப் பாத்திரத்தின் அடியை முழுவதும் தழுவும் சுடர் வேண்டும். அதற்குப் பெருவிரல் கனத்தில் பிளந்த, நன்கு காய்ந்த, நடுத்தர அடர்த்தியுள்ள விறகே பொருத்தம். விலை உயர்ந்த கனத்த கட்டையை இதற்குச் செலவிடுவது வீண். நீர் கொதித்து இறக்கிய பின்னும் அது நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பல மணி நேரம் மெல்ல வேகவேண்டியதற்கு நிலைமை தலைகீழ். அங்கே சவுக்கு, புளி, கருவேலம், சீமைக்கருவேலம், ஓக் போன்றவற்றில் இரண்டு மூன்று கட்டைகளை முனை மட்டும் எரியும்படி வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டு வந்தால் போதும். சூடு கூடினால் கட்டையைச் சற்று வெளியே இழுப்பதே அடுப்பைத் தணிக்கும் வழி. இலேசான மரத்தில் இந்த நிதானம் வராது. ஒரு கணம் பொங்கி மறுகணம் அவிந்து, அடுப்பருகே ஓர் ஆளைக் கட்டிப்போட்டுவிடும்.

இவற்றில் எதையும் பற்றவைக்க மூன்றாவது ஒன்று தேவை. மிலாறு, சுள்ளி, தென்னை மட்டை, பிசின் ஊறிய பைன் சிராய், நனைந்தாலும் எண்ணெய்ப் பசையால் எரியும் பிர்ச் பட்டை ஆகியவை இதற்கு ஏற்றவை. கனத்த விறகு "பிடிக்கவில்லை" என்று குறை சொல்பவர்களில் பாதிப்பேர் மூட்டுவதற்குச் சுள்ளியைக் குறைவாக வைத்தவர்கள்.

வீட்டுக்குள் சமைப்பவர்களுக்கு இந்தத் தேர்வு வசதியைப் பற்றியது மட்டுமன்று. விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காய்ந்த விறகும் புகைபோக்கியும் புகையைக் குறைக்கும்; இல்லாமல் ஆக்கிவிடாது.

தணலில் சுடுவதென்றால் சுடர் எதிரி. சுடர் அடங்கி, கங்குகளின்மேல் மெல்லிய வெண்சாம்பல் படர்ந்து நீறு பூத்த நிலையில்தான் சீரான சூடு கிடைக்கும். கங்கு நிற்கும் மரங்களைத் தவிர வேறெதையும் இங்கே பரிந்துரைக்க முடியாது. பைன், பாப்லர், வில்லோ, இலவம் ஆகியவை சுடர் அடங்கும் வேளையில் சாம்பலைத்தான் தரும். சிரட்டை அளவில் சிறியதானாலும் மிகக் கடுமையான சூட்டைத் தரும். குறுகிய நேர வேலைக்கு அதற்கு இணை குறைவு.

செங்கல் அல்லது களிமண்ணால் கட்டிய குவிமாட அடுப்பில் நாம் உண்மையில் சூடாக்குவது உணவை அன்று, சுவரை. முதல் ஒரு மணி நேரத்துக்கு மேலாக அடர்ந்த கட்டைகளை எரித்துச் சுவருக்குள் சூட்டை இறக்க வேண்டும். தொடக்கத்தில் குவிமாடத்தின் உட்புறம் புகைக்கரியால் கறுத்து, சூடு ஏறியதும் அந்தக் கரி தானே எரிந்துபோய்ச் செங்கல் வெளுக்கும். அடுப்பு தயார் என்பதற்கு அதைவிட நல்ல அறிகுறி இல்லை. அதன் பிறகு மேல்சூடு தொடர வேண்டுமானால் மெல்லப் பிளந்த காய்ந்த விறகை ஒன்று இரண்டாகப் போட்டு, சுடர் குவிமாடத்தைத் தழுவி ஓடும்படி செய்ய வேண்டும். இங்கே ஒரே வேலைக்கு இரண்டு விறகு தேவைப்படுகிறது. இரண்டாவது கட்டத்திலும் கனத்த கட்டையையே போட்டால், தளம் கரிந்து மேற்பகுதி வேகாமல் நிற்கும்.

அறையைச் சூடாக்க

மூடிய இரும்பு அடுப்பில் இரவு முழுவதும் கங்கு நிற்க வேண்டுமானால் ஓக், பீச், ஆஷ் அல்லது அவற்றுக்கு இணையான அடர்ந்த மரங்கள் சிறந்தவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "இரவு முழுவதும் எரிய வேண்டும்" என்பதற்காகக் காற்று வாயிலை ஏறத்தாழ அடைத்துவிடும் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காற்றுக் குறைந்த அடுப்பில் எத்தனை நல்ல மரமும் புகையத்தான் செய்யும். மேலே சொன்ன கரும்பசை அங்கேதான் வளர்கிறது. கனத்த கற்சுவர் கொண்ட அடுப்புகள் இதற்கு மாற்று. அவற்றில் விறகைத் தாராளக் காற்றோடு ஓரிரு மணி நேரத்தில் எரித்து முடித்துவிட்டு, சுவர் சேமித்த சூட்டைப் பல மணி நேரம் பெறலாம். விரைந்து எரியும் பிர்ச், பைன், ஸ்புரூஸ் ஆகியவை அத்தகைய அடுப்பில் குறையாக அல்லாமல் நிறைவாகவே அமைகின்றன. ஒரே விறகு ஓர் அடுப்பில் மட்டம், மற்றோர் அடுப்பில் உயர்வு.

திறந்த கணப்புக்கும் வெளியிடத் தீக்கும் இன்னொரு அளவுகோல் சேர்கிறது: பொறி. பைன், ஸ்புரூஸ் போன்றவற்றின் பிசின் பைகளில் அடைபட்ட நீராவியும் வாயுவும் வெடிக்கும்போது கங்குத்துண்டுகள் தெறித்து விரிப்பிலோ துணியிலோ விழும். முன்புறம் தடுப்பு இல்லாத கணப்பில் அவற்றைத் தவிர்ப்பதே முறை. கணு அறுக்காத மூங்கில் இதைவிடப் பொல்லாதது. கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்று துப்பாக்கி வெடிப்பதுபோல் வெடிக்கும். எரிப்பதற்கு முன் நீளவாக்கில் பிளந்துகொள்ள வேண்டும்.

புகையூட்ட

மற்ற வேலைகளில் எதிரியாக இருந்த புகை இங்கே சரக்காகிறது. இறைச்சிக்கோ மீனுக்கோ புகைமணம் ஏற்றுவது மரத்தின் லிக்னின் சிதைவதால் வெளிவரும் பொருள்கள். அகன்ற இலை மரங்களின் லிக்னின் குவாயகால் என்ற மணப்பொருளோடு சிரிங்கால் என்ற மற்றொன்றையும் தருகிறது. புகையூட்டிய உணவு என்று மூக்கு அறியும் மணத்தில் சிரிங்காலுக்குப் பெரும் பங்கு உண்டு. பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னினில் அதற்கான கூறு இல்லை என்றே சொல்லலாம். போதாக்குறைக்கு அவற்றின் பிசின் எரிந்து கரிப்படிவையும் கசப்பையும் சேர்க்கும். ஆகவே ஓக், பீச், பழமரங்கள் ஆகியவற்றைத் தேர்வதற்கு இங்கே வேதியியலே துணை நிற்கிறது. சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரங்களின் புகை மிகக் காரமானது. நீண்ட நேரப் புகையூட்டலுக்கு அதை மட்டும் பயன்படுத்தினால் கசந்துவிடும், குறுகிய நேரச் சூட்டுக்கு மிக நன்று. பச்சை மரம் நிறையப் புகை தருமே என்று அதைப் போடுபவர்கள் உண்டு. அடர்ந்த வெண்புகை சுவையைவிடக் கசப்பையே தரும். கண்ணுக்கு ஏறத்தாழப் புலப்படாத மெல்லிய நீலப்புகைதான் இதில் வேண்டுவது.

சூளைக்கும் உலைக்கும்

மண்பாண்டச் சூளை வைப்பவர்கள் நாம் இதுவரை சொன்ன தரவரிசையைக் கவிழ்த்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது தணல் அன்று. அடுப்பின் வாயிலிருந்து சூளையின் மறுகோடிவரை நீண்டோடும் சுடர். சூளைக்குள் தணல் குவிந்தால் காற்று அடைபட்டு வெப்பநிலை ஏறாமல் நின்றுவிடும். அதனால் மெல்லப் பிளந்த பைன் அங்கே மதிப்புக்குரியதாகிறது. ஜப்பானின் அனகாமா சூளைகளில் செம்பைன் விறகை நாட்கணக்கில் இடைவிடாமல் போட்டு 1,200 டிகிரிக்கும் மேல் ஏற்றுகிறார்கள். சுடரோடு பறக்கும் சாம்பல் பாண்டங்களின்மேல் படிந்து உருகி, தானே மெருகாகிவிடுகிறது. கணப்பில் தெறிக்கிறது, தணலில் நிற்கவில்லை என்று நாம் ஒதுக்கிய மரம்தான் அது.

கொல்லுலைக்கோ விறகு நேரடியாக உதவாது, கரி வேண்டும். ஒரு கிலோ மரக்கரி சுமார் 7,000 கிலோ கலோரி தரும். புகையும் மிகக் குறைவு. ஆனால் மண்மூடிச் சுடும் பழைய முறையில் ஒரு கிலோ கரிக்கு ஐந்து கிலோ விறகாவது போய்விடும் என்பதால், மரத்திலிருந்த ஆற்றலில் பாதிக்கும் மேல் கரி சுடும் இடத்திலேயே கரைந்துவிடுகிறது. சமையலுக்கு விறகா கரியா என்று எண்ணுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புகை இல்லை என்பதற்காகக் கரியை மூடிய அறையில் எரிப்பது உயிருக்கே ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தணலிலிருந்துதான் மிகுதியாக வருகிறது.

எரிக்கக் கூடாதவை

அரளிக் குச்சியை அடுப்பில் வைப்பதோ அதில் உணவைக் கோத்துச் சுடுவதோ கூடாது. செடி முழுவதும் நஞ்சு, புகையும் அப்படியே. தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், புகை கண்ணை எரிக்கும். பழைய மரச்சாமான், வண்ணம் பூசிய பலகை, பிளைவுட் ஆகியவை விறகல்ல. கரையான் அண்டாமலிருக்கக் குரோமியம், செம்பு, ஆர்சனிக் ஏற்றிய மரத்தை எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் சேரும். அந்தச் சாம்பல் தோட்டத்துக்கும் ஆகாது. கடலில் ஒதுங்கிய கட்டைகள் பார்க்க அழகான வண்ணச் சுடர் விடும். ஆனால் உப்பு அடுப்பின் இரும்பை அரிப்பதோடு, எரியும்போது நச்சுச் சேர்மங்களையும் உண்டாக்கும். உளுத்துப்போன மரம் நஞ்சன்று. அதன் சத்தைப் பூஞ்சையும் பூச்சியும் முன்பே தின்றுவிட்டதால் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவே.

தொலைவிலிருந்து விறகு கொண்டுவருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசியாவிலிருந்து வந்து, 2002-இல் வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு, அங்கே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது; புதிய இடங்களுக்கு அது பரவியதில், பட்டைக்குள் புழு இருப்பது தெரியாமல் மக்கள் வண்டியில் ஏற்றிச் சென்ற விறகுக்கும் பங்கு உண்டு. அருகில் கிடைக்கும் இரண்டாந்தர மரம் தொலைவிலுள்ள முதல்தர மரத்தைவிட மேல் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது

விறகு எடைக்கும் விற்கப்படுகிறது, அளவுக்கும் விற்கப்படுகிறது; எந்த முறை என்பதைப் பொறுத்து நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. எடைக்கு வாங்கும்போது மரத்தின் வகை அவ்வளவு முக்கியமன்று, ஈரமே முக்கியம். பாதி நீருள்ள விறகை எடைக்கு வாங்குபவர் பாதிப் பணத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறார். இந்த முறையில் விற்பவருக்கு விறகைக் காயவைப்பது நட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். அளவுக்கு வாங்கும்போது ஈரத்தால் எடை கூடி நாம் ஏமாறுவதில்லை. அங்கே அடர்த்தி முக்கியம், ஏனெனில் ஒரு கன மீட்டர் பாப்லருக்கும் ஒரு கன மீட்டர் ஓக்குக்கும் ஒரே விலை கொடுப்பது பெரும் இழப்பு. அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நெருக்கமாக அடுக்கிய ஒரு கன மீட்டரில் உண்மையான மரம் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், மீதி இடைவெளி. கொட்டிக் குவித்ததில் மரம் இன்னும் குறைவு. அடுக்கிய அளவா குவித்த அளவா என்று கேட்காமல் விலையை ஒப்பிட முடியாது.

ஆகவே எடைக்கு வாங்குவதாயின், காய்ந்தது என்று உறுதியானால், இலேசான மரத்தையும் கனத்த மரத்தையும் கலந்து வாங்கலாம். மூட்டவும் கொதிக்கவைக்கவும் முன்னது, நின்று எரியப் பின்னது. அளவுக்கு வாங்குவதாயின் கனத்த மரத்தையே பச்சையாக, விலை குறைவாக இருக்கும்போது வாங்கிப் பிளந்து அடுக்கிவிடுவது இலாபம். தைலமரம் போன்ற முறுக்கு நார் மரங்கள் காய்ந்த பின் கோடாலிக்கு மசியா, பச்சையில்தான் ஓரளவு பிளக்கும் என்பதால் அதற்கும் அதுவே ஏற்ற காலம். எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன், குவியலின் மேலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவி, அங்கேயே பிளக்கச் சொல்லி, அந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.